விட்டு வந்த இரண்டு சுற்று

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு கார் பந்தயம் ஓட்டியிருக்கிறேன். அதையும் முழுதாக ஓட்டவில்லை. பத்துச் சுற்றில் எட்டு. மீதி இரண்டையும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானே விட்டுவிட்டு வந்தேன். ஷெட்டில் யாராவது கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். ரொம்ப நோண்டினால் கையில் இருக்கும் ஸ்பானரை டப்பென்று பெஞ்சில் போடுவேன். கேட்டவன் டீ குடிக்கப் போய்விடுவான். இப்போது நானே சொல்கிறேன்.

நான் மெக்கானிக். ஷெட் சென்னைப் பாடியில், பழைய தொழிற்சாலைகளின் பின்மதிலை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வளர்ந்தது ஆவடியில். அப்பா டேங்க் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ், ஷெட்டில் மெட்ராஸ் பாஷை என்று எனக்கு இரண்டு நாக்கு. காது மட்டும் ஒன்றுதான். அந்தக் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வண்டியைக் கொண்டுவருகிறவர்களிடம் பானெட்டைத் திறக்க வேண்டாம், சும்மா ஸ்டார்ட் பண்ணுங்கள் என்பேன். மூன்று வீட்டுத் தூரத்திலிருந்தே பெல்ட்டா, வால்வா, பேரிங்கா என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நாட்களை நான் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

முதலாளி என்று நான் சொல்கிறவர் ஷெட்டுக்கு முதலாளி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், தொப்பை உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு. கார் பந்தயம் ஓட்டுகிறவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பந்தயத் தடம் வருகிறது. வருடத்துக்கு ஐந்தாறு தடவை அங்கே போய் ஓட்டுவார். வண்டியைப் பார்த்துக்கொள்வது நான். டயர் மாற்றுவதும் தடத்தின் ஓரம் நின்று பலகை காட்டுவதும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். எங்கள் அணி என்பது இந்த மூன்று பேர்தான். பக்கத்துக் கொட்டகைகளில் ஏசி கூடாரம் போட்டு, ஒரே நிறத்தில் சட்டை மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். நாங்கள் மூன்று பேரும் தயிர்சாதப் பொட்டலத்தோடு நிற்போம்.

வண்டியும் அப்படித்தான். நீங்கள் ரோட்டில் தினமும் பார்க்கிற சாதாரணக் கார். உள்ளே சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, ஓட்டுகிறவனைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருக்கும். எஞ்சினுக்குள் கம்பெனி கொடுத்த சாமான்தான் இருக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு எதையும் மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. அதனால் எல்லாருடைய வண்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஓட்டுகிறவன் காலிலும் பூட்டுகிறவன் கையிலும் இருக்கிறது. இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என்னுடையது என்பதால் அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கால். அதை மறைப்பானேன். ஐந்து வருடம் தடத்தை ஒட்டிய சுவரோரம் நின்று முதலாளி போவதையும் வருவதையும் பார்த்தேன். அவர் வளைவில் சீக்கிரம் பிரேக் பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். "இன்னும் போ, இன்னும் போ" என்று பல்லைக் கடிப்பேன். பூந்தமல்லி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால்கூட என் கால் சும்மா இருக்காது. ஒருநாள் என் மனைவி என் முட்டியில் கையை வைத்து அழுத்தி, "பஸ்ஸ அந்தாளே ஓட்டிக்குவாரு, நீ வுடு" என்றாள். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள்.

பந்தயம் ஓட்டுவதற்கான லைசென்ஸ் என்னிடம் இருந்தது. வேலை முடிந்த வண்டியை வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் யாராவது நான்கு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் இல்லாமல் விட மாட்டார்கள். அதனால் முதலாளிதான் வாங்கிக் கொடுத்தார். வருடா வருடம் டாக்டரிடம் போய் நாக்கை நீட்டி, கண்ணைக் காட்டி, புதுப்பித்துக்கொள்வேன். ஆனால் நான் ஓட்டியதெல்லாம் மெக்கானிக் ஓட்டுகிற ஓட்டு. எஞ்சினைச் சூடாக்க ஒரு சுற்று, கியர் விழுகிறதா என்று பார்க்க ஒரு சுற்று, பிரேக்கைப் பதப்படுத்த ஒரு சுற்று. மீட்டர் முள் பாதிக்கு மேல் ஏற விடமாட்டேன். புதிதாகப் பூட்டிய எஞ்சினை மிதிக்க எனக்கு மனசு வராது.

தடத்தின் வளைவுகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். நீளமாக வளைந்து முடியவே முடியாத வலது வளைவு, பாடி பாலம். ஊசி மாதிரித் திரும்புகிற இடம் ஐயப்பன்தாங்கல் டிப்போ. அங்கே பஸ் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதல் சுற்றில் எல்லா வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்ளும் இடம் கரையான்சாவடி. அந்தப் பெயர்களைச் சொல்லியே நானும் மச்சானும் முதலாளியைக் கேலி செய்வோம். "மொதலாளி இன்னிக்கும் டிப்போல டிக்கெட் கிழிச்சிக்கினு நின்னாரு" என்பான் மச்சான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருடம் கடைசிப் பந்தயம் கார்த்திகை மழையால் இரண்டு தடவை தள்ளிப்போய், ஒரு வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய வியாழக்கிழமை மத்தியானம் நான் எஞ்சினின் அடியில் படுத்திருந்தேன். கனெக்டிங் ராடு பேரிங்குகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அடியில் எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கியதும் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவேன். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. நம் மூளையை நம்பக் கூடாது, பெயின்டைத்தான் நம்ப வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏழாவது போல்ட்டுக்குக் கோடு போட்டேன். போன் அடித்தது.

"நைனா, கை போச்சு" என்றார் முதலாளி.

"இன்னா மொதலாளி சொல்ற?"

"மாடில தண்ணி நின்னுக்கினு இருந்துச்சேன்னு தள்ளிவுடப் போனேன். பாசி. வய்க்கி உயுந்துட்டேன். மணிக்கட்டு ஒடஞ்சிருச்சின்றாரு டாக்டரு."

வாரக் கடைசியில் அந்த வேகத்தில் ஓட்டுகிற மனிதர், சொந்த வீட்டு மொட்டை மாடியில் துடைப்பத்தோடு விழுந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அப்போ ஞாயித்துக்கெயம வண்டி போவாதா?" என்று கேட்டேன்.

"ஏன் போவாது? நீ ஓட்டு."

கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தேன்.

"லைசென்ஸ் தான் கீதே உன்கிட்ட. வண்டிய சும்மா நிக்க வுடச் சொல்றியா? ஒழுங்கா முடிச்சிக்கினு வா. எத்தினாவதா வேணா வா, முடிச்சிக்கினு வா, அது போதும். முடிச்சிட்டின்னா அடுத்த வருசம் பாதி ரேஸு உனக்கு, பாதி எனக்கு. எனக்கும் வயசாவுது பா."

போனை வைத்தபிறகு நான் அழுதேனா என்று கேட்டால், இல்லை. கையெல்லாம் ஆயில், எப்படிக் கண்ணைத் துடைப்பது. நாற்பது வயதுக்காரனுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? திரும்ப எஞ்சினுக்கு அடியில் போனேன். வேலையை முடித்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை மூடினேன், ஆயில் ஊற்றினேன், ஸ்டார்ட் செய்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்கு அல்வா வாங்கினேன்.

அவள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளின் மன்னிப்புக் கடிதங்களை வருடம் முழுக்கப் படித்துப் படித்து, எவன் எதை மறைக்கிறான் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள். அல்வாவைப் பார்த்ததும், "இன்னா, வண்டி உனக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். அப்புறம், "பாத்து ஓட்டுன்னு சொல்ல மாட்டேன். நீ பாத்துத்தான் ஓட்டுவ. கொஞ்சம் பாக்காமயும் ஓட்டு" என்றாள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை வரிசை முடிவு செய்யும் ஓட்டத்தில் நல்ல மழை. பெரிய பெரிய கூடாரக்காரர்கள் எல்லாம் புல்லில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாவதாக வந்தேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஐப்பசி கார்த்திகையில் அம்பத்தூர் ரோட்டில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் பதினைந்து வருடம் பைக் ஓட்டியவனுக்கு ஈரத் தடம் ஒரு பொருட்டா? முதலாளி மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். "அஞ்சாவுது! அஞ்சாவுது நைனா!" என்று மற்றக் கையால் என் முதுகில் அடித்த அடி இப்போதும் நினைவிருக்கிறது. அவர் ஒருநாளும் ஐந்தாவது வரை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தடம் ஈரமாகத்தான் இருந்தது. ஹெல்மெட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கி, மச்சான் ஜன்னலில் வலையைக் கட்டினான். "மச்சான், பலகைய பாத்துக்க. நீ எத்தினாவுது, எத்தினி சுத்து பாக்கின்னு காட்டுவேன். மத்ததெல்லாம் நீயே பாத்துக்க" என்றான். எங்கள் வண்டியில் பேசுவதற்கு ரேடியோ கிடையாது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, நேர் ரோட்டில், சுவருக்கு மேலே நீட்டுகிற அந்தக் கறுப்புப் பலகைதான் எனக்கும் வெளியுலகத்துக்கும் பேச்சு. அதிலும் பேசுவது அவர்கள்தான், நான் ஒன்றும் கேட்க முடியாது.

சிவப்பு விளக்கு அணைந்து பந்தயம் தொடங்கியதும் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல வராது. பதினைந்து வண்டி ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குள் போகிறது, கண்ணாடி முழுக்கச் சேறு, வைப்பர் அதை இன்னும் நன்றாகப் பூசிவிடுகிறது. கரையான்சாவடியில் முன்னால் போன இரண்டு பேர் வழக்கம்போல ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லுக்குள் போனார்கள். நான் நடுவில் புகுந்து வந்துவிட்டேன். சுற்று முடிந்து நேர் ரோட்டில் வந்தால் மச்சான் பலகையைப் பிடித்தபடி குதிக்கிறான். மூன்று என்று எழுதியிருந்தது.

நான் மூன்றாவது. பின்னால் யாரோ முட்டிக்கொண்டு வந்தான், டிப்போ வளைவில் உள்ளே நுழையப் பார்த்தான், நான் இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று. என் கால் இத்தனை வருடம் தரையில் மிதித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நிஜமாக ஆக்சிலரேட்டர் இருந்தது. பாடி பாலத்தில் வண்டி நான்கு சக்கரத்திலும் லேசாக வழுக்கிக்கொண்டே திரும்பும், அப்போது வயிற்றுக்குள் ஒன்று பொங்கும். ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாக ஏதோ கத்தினேன். கெட்ட வார்த்தை என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை, கல்யாணத்தன்று உட்பட. இதை மனைவியிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது சுற்றில் வெயில் வந்தது. தடம் காய ஆரம்பித்தது. பின்னால் வந்தவன் எங்கேயோ பிரேக் பிடிக்கத் தவறி ரொம்பப் பின்தங்கிவிட்டான். முன்னால் இரண்டு பேர் கண்ணுக்கெட்டாத தூரம். நான் தனியாக ஓடினேன். தடத்தின் பின்பக்கம் நீளமான நேர் ரோடு ஒன்று உண்டு. ஏழாவது சுற்றில் முதன்முறையாக அந்த ரோட்டில் ஈரமே இல்லை. காலைக் கடைசிவரை அழுத்தினேன். ஐந்து வருடமாக நான் ஏற விடாத இடத்துக்கெல்லாம் முள் ஏறியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக் டொக் டொக் டொக். வேகமாக, சீராக, முன்பக்கம் அடியிலிருந்து.

காலைக் கொஞ்சம் எடுத்தேன். நின்றுவிட்டது. அழுத்தினேன். டொக் டொக் டொக். மறுபடி எடுத்தேன். நின்றது. பாரம் விழுந்தால் அடிக்கும், பாரம் எடுத்தால் நிற்கும். இது எதுவென்று ஷெட்டுக்கு வந்த எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். ராடு பேரிங்.

வியாழக்கிழமை மத்தியானம் கண்முன்னால் வந்தது. ஏழாவது போல்ட்டுக்குக் கோடு போட்டேன். போன் அடித்தது. பேசினேன். திரும்ப அடியில் போனேன். எட்டாவது போல்ட்? முறுக்கினேனா? கோடு போட்டேனா? எத்தனை முயன்றாலும் அந்த மஞ்சள் கோடு மட்டும் ஞாபகத்தில் வரவில்லை. முதலாளி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது, அல்வா எந்தக் கடையில் வாங்கினேன் என்பது ஞாபகம் இருந்தது. எட்டாவது போல்ட் இல்லை. சந்தோஷத்தில் சம்ப்பை மூடியிருக்கிறேன்.

நேர் ரோட்டில் பலகை வந்தது. மூன்றாவது இடம், மூன்று சுற்று பாக்கி. மச்சான் பக்கத்தில் முதலாளி மாவுக்கட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார். ரேடியோ மட்டும் இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அந்த ரேடியோ இல்லாத பிரிவை உருவாக்கியவனை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவது சுற்று. பின் நேர் ரோட்டில் மறுபடி அழுத்தினேன். மறுபடி டொக் டொக் டொக். போல்ட் கழன்றால் ராடு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நான் கையால் துடைத்துத் துடைத்துப் பூட்டிய எஞ்சின். முதலாளியின் பொருள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் எஞ்சின் என்றுதான் நினைத்தேன். டிரைவர் என்றால் இன்னும் இரண்டே சுற்று, வெடித்தால் வெடிக்கட்டும் என்று போயிருப்பான். அல்லது நேர் ரோட்டில் மட்டும் காலை லேசாக எடுத்து ஓட்டி நான்காவதாகவாவது முடித்திருப்பான். முடித்தால் போதும் என்றுதானே அந்த மனிதர் சொன்னார். அதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், கடைசி வளைவைத் தாண்டியதும் என் கை ஸ்டியரிங்கை இடதுபக்கம், உள்ளே வரும் பாதைக்குத் திருப்பியது.

மச்சான் பலகையோடு ஓடிவந்தான். "இன்னா மச்சான்? இன்னாச்சி? ஏன் வந்த?"

"பேரிங் போச்சு" என்றேன். சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். மெக்கானிக் வேறு என்ன செய்வான்?

வண்டிக்குள் அமைதி. வெளியே மற்றவர்கள் நேர் ரோட்டில் போகிறார்கள், போய்த் திரும்பி மறுபடி போகிறார்கள். அந்த இரண்டு சுற்றையும் நான் சீட்டில் கட்டப்பட்ட நிலையிலேயே காதால் கேட்டேன். ஒவ்வொரு எஞ்சினும் யாருடையது என்று தெரிந்தது. எனக்குப் பின்னால் பின்தங்கிப் போனவன் மூன்றாவதாக முடித்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள்.

முதலாளி வந்து குனிந்தார். முகத்தில் கோபமில்லை. "எப்டி அடிச்சிச்சு சத்தம்?" என்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். "கால எடுத்தா நின்னுபூடுது. மெதிச்சா அடிக்குது. பின்னால ரோட்டுல" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். எழுந்து வண்டியின் முன்பக்கம் போனார். எங்காவது சிக்கிக்கொண்டால் இழுத்து வெளியே போட வசதியாக, எல்லா வண்டிக்கும் முன்னால் ஒரு சிவப்புப் பட்டை கட்டித் தொங்க விட வேண்டும் என்பது விதி. எங்கள் பட்டை கொஞ்சம் நீளம். முதலாளி அதன் முனையை இடது கையால் பிடித்து பம்பரில் வேகமாக அடித்தார். டொக் டொக் டொக்.

"இதானா?"

மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இது வருசம் பூரா அடிச்சிக்கினுதான் கீது நைனா. அந்த ரோட்டுல முழுசா மெதிச்சா காத்துக்கு அடிக்கும்."

"இத்தினி நாளா ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். மாவுக்கட்டோடு நிற்கும் மனிதரிடம், வண்டியைக் கொடுத்த மனிதரிடம், அப்படிக் கத்தினேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இதெல்லாம் ஒரு சத்தம்னு உன்கிட்ட வந்து சொல்லிக்கினு இருப்பாங்களா? வண்டின்னா சத்தம் போடாதா?" என்றார்.

வலையைக் கழற்றி வெளியே வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தேன். அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும். எந்தக் கதவு எந்த வெயிலில் இறுகும் என்றுகூடத் தெரியும். ஆனால் அது முழுவேகத்தில் போனால் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் நான் அதை முழுவேகத்தில் ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் முதல் நாளே அந்தப் பட்டையைத் திட்டிவிட்டு ஒரு முடிச்சுப் போட்டிருப்பேன். அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அழுதேன். கையில் ஆயில் இல்லை, துடைத்துக்கொள்ள முடிந்தது.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சம்ப்பைக் கழற்றினேன். மச்சான், "எதுக்கு மச்சான் இப்போ?" என்றான். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டு போல்ட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. எட்டாவதில் மற்ற ஏழையும்விட நேராக இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது, எனக்குத்தான் நினைவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த கோபம் மாதிரி எனக்கு எதன்மீதும் வந்ததில்லை. ஒரு போல்ட்டாவது தளர்ந்திருக்கக் கூடாதா?

மத்தியானம் முதலாளி வந்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பேரிங்குகளைப் பார்த்தார். புதுசாகவே இருந்தன. "எஞ்சின நல்லா பூட்டிக்கிற பா. உன்ன மாரி மெக்கானிக் எங்கயும் கெடைக்க மாட்டான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அடுத்து ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று சொன்னார். பாதி ரேஸைப் பற்றிப் பேசவில்லை. முடித்துக்கொண்டு வா என்றார், நான் முடிக்கவில்லை. அவர் வாக்குத் தவறினார் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. நல்ல மெக்கானிக் என்று ஒருவர் சொன்னபிறகு, இல்லை நான் டிரைவர் என்று எந்த வாயால் சொல்வது?

பட்டையை மச்சான் மடித்துக் கட்டிவிட்டான். அடுத்த வருடம் முதலாளி எல்லாப் பந்தயத்தையும் அவரே ஓட்டினார். இந்த வருடமும் அவர்தான். நான் சுவரோரம் நிற்கிறேன், கால் தரையை மிதிக்கிறது. முன்பு அந்தக் கால் எதற்கு ஏங்குகிறது என்று அதற்கே தெரியாது. இப்போது தெரியும், அதுதான் கஷ்டம். பாடி பாலத்தில் வண்டி வழுக்கும்போது வயிற்றில் பொங்குமே, அது வேண்டும் எனக்கு. ஷெட்டில் எவனாவது காரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

போன மாதம் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். மனைவியும் வந்திருந்தாள். சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது வேலப்பன்சாவடியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பக்கத்தில் கல்லூரி பஸ். எஞ்சினை அணைத்தேன். அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கவா, கோச்சிக்க மாட்டியே?" என்றாள்.

"கேளு."

"திரும்ப உனக்கு வண்டிய குடுக்கறாங்க. மூணாவுதா போய்க்கினு கீற. திரும்ப ஏதோ சத்தம். இன்னா சத்தம்னு தெரியல. இன்னா பண்ணுவ?"

நேராகப் போவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மனதுக்குள் எத்தனையோ தடவை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். உள்ளே வரும் பாதையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, ஒன்பது, பத்து, கொடி. ஆனால் அவளிடம் எடுபடாது. எனக்கும் எடுபடவில்லை.

"உள்ள வந்துடுவேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். தோளிலிருந்து தாடையை எடுக்கவில்லை.

லாரி நகர்ந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அந்த இரண்டு சுற்றுக்கு ஏங்குகிற மாதிரி நான் உலகத்தில் எதற்கும் ஏங்கியதில்லை. அதை நாளைக்கே யாராவது என் கையில் கொடுத்தால், மறுபடியும் விட்டுவிட்டுத்தான் வருவேன்.